‘வாரேன்’ என்ற சொல்லும் என் கையெழுத்தும்

மத்தியானச் சாப்பாட்டு நேரம். கோர்ட்டுக்கு எதிர்ச் சந்தில் இருந்த எங்கள் டைப்பிங் சென்டரில் டிபன் பாக்ஸை அப்போதுதான் திறந்திருந்தேன். எலுமிச்சைச் சாதம், மோர் மிளகாய். கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு பேச்சியம்மாள் உள்ளே வந்தாள். வக்கீல்கள் கட்டுகிற வெள்ளைக் கழுத்துப் பட்டை வியர்வையில் நனைந்து ஒட்டிக் கிடந்தது. கையில் ஒரே ஒரு தாள்.

“ரூத் அக்கா, சாப்பிட்டுட்டுப் பேசுவமா?”

“நீ என்னைக்கு என்னைய நிம்மதியாச் சாப்பிட விட்ட? சொல்லு.”

“இதுல அடியில இருக்கிறது உங்க கையெழுத்துத்தானே?”

பார்த்தேன். ‘மூலத்துக்கு உண்மையான மொழிபெயர்ப்பு’ என்று ஆங்கிலத்தில் ஒரு வரி. அதன் கீழே என் கையெழுத்து. முதல் எழுத்துக்கு நான் போடுகிற நீள வால்கூட அப்படியே இருந்தது.

“ஆமா. அழகா இருக்குல்ல?” என்றேன்.

பேச்சி சிரிக்கவில்லை. எதற்கும் சிரிக்கிற பெண் அவள். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, ஆறாவது வரியில் விரலை வைத்தாள்.

“இத மட்டும் வாசிங்கக்கா. சத்தமா.”

அந்த வரியை இப்போதே சொல்லிவிடலாம். ஆனால் பேச்சி யார் என்று தெரியாமல் அந்த வரியைப் படித்தால் எனக்கு விழுந்த அடி உங்களுக்கு விளங்காது. கொஞ்சம் பொறுங்கள்.

மைப்பெட்டி

பேச்சியம்மாள் பளியர் என்கிற மலைப் பழங்குடி வீட்டுப் பெண். மதுரைக்கு மேற்கே, சமவெளி முடிந்து மலை ஏறுகிற இடத்தில் அவர்கள் குடியிருப்பு. இருபத்தைந்து வீடு இருந்தால் அதிகம். அப்பா தேன் எடுப்பார், கடுக்காய் பொறுக்குவார், மாங்காய்க் காலத்தில் தோப்புக் காவலுக்குப் போவார். அந்தக் குடியிருப்பில் பள்ளிக்கூடம் முடித்த முதல் ஆள் பேச்சிதான். மலையடிவாரத்துப் பளியர்களில் முதல் கறுப்புக் கோட்டும் அவளுடையதுதான்.

அந்தக் கோட்டுக்கு அவள் பட்ட பாடு கொஞ்சமா? சாதிச் சான்றிதழ் கேட்டுப் போனபோது ஓர் அதிகாரி அவளை மேலும் கீழும் பார்த்துவிட்டு, “பளியர்ங்கிற, செருப்புப் போட்டிருக்க, இங்கிலீஷ்ல கையெழுத்துப் போடுற. எங்க, அந்தப் புளிய மரத்துல ஏறிக் காட்டு” என்றாராம். “நீ என்ன செஞ்ச?” என்றேன்.

“ஏறுனேன்” என்றாள். “வேற என்னக்கா செய்ய? சான்றிதழ் வேணும்ல.”

ஏறியும் கொடுக்கவில்லை. இன்னும் விசாரிக்க வேண்டும் என்று இழுத்தடித்தார்கள். சட்டக் கல்லூரியில் சேர முடியாமல் ஒரு வருடம் போனது. அந்த வருடம் முழுக்க நாகமலை புதுக்கோட்டையில் ஓர் ஒண்டு அறையில் நாலு பெண்களோடு தங்கி, ஜெராக்ஸ் கடையில் வேலை பார்த்தாள்.

வக்கீலாகப் பதிந்த முதல் வாரம் நடந்ததை நானே கண்ணால் பார்த்தேன். கோர்ட்டில் ஒரு மனு கொடுக்க வரிசையில் நின்றாள். கோட்டுப் போட்டுத்தான் நின்றாள். உள்ளே இருந்தவர் தலையை நிமிர்த்தி அவள் முகத்தைப் பார்த்தார், கோட்டைப் பார்க்கவில்லை. கைநாட்டு வைக்கிற மைப்பெட்டியை அவள் பக்கம் நகர்த்திவிட்டு அடுத்த தாளைப் புரட்டினார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவள் ஒரு நிமிடம் அந்தப் பெட்டியைப் பார்த்தாள். பிறகு பெருவிரலை அழுத்தமாகத் தோய்த்து மனுவின் ஓரத்தில் வைத்தாள். பேனாவை எடுத்து அதற்குப் பக்கத்திலேயே ஆங்கிலத்தில் கையெழுத்துப் போட்டு, வக்கீல் பதிவு எண்ணையும் எழுதினாள்.

“ரெண்டும் என்னோடதுதான் சார்” என்றாள்.

அன்றைக்கே அவளைக் கூட்டிப்போய்ப் பருத்திப்பால் வாங்கிக் கொடுத்தேன். சிநேகம் அப்படித்தான் ஆரம்பித்தது.

ஷல்லும் வில்லும்

இனி என் பெருமை. என் கர்வம் என்றும் வாசிக்கலாம்.

நான் செல்லூர்க்காரி. தறிச் சத்தத்துக்கு நடுவே ஆங்கிலம் படித்தவள். மிஷன் பள்ளிக்கூடத்தில் எங்களுக்கு ஓர் ஆங்கில டீச்சர். தப்பாகப் பேசினால் ஸ்கேலைத் திருப்பி முட்டியில் போடுவார். அவர் உயிரைக் கொடுத்துச் சொல்லித்தந்த பாடம் ஒன்று. ‘நான்’ என்று ஆரம்பிக்கிற வாக்கியத்தில் ‘ஷல்’ போட்டால் சும்மா நடக்கப்போவதைச் சொல்கிறாய். ‘வில்’ போட்டால் சபதம் செய்கிறாய். இப்போது இங்கிலாந்துக்காரர்களே இதையெல்லாம் மறந்துவிட்டார்கள். நான் மறக்கவில்லை.

பத்திர எழுத்தர், வக்கீல், குமாஸ்தா என்று எல்லோரும் தமிழ்த் தாளைக் கொண்டுவந்து கொடுப்பார்கள். மேல்கோர்ட்டில் எல்லாம் ஆங்கிலம் என்பதால் வாக்குமூலம், பத்திரம், புகார் எதுவானாலும் மொழிபெயர்க்க என் மேஜைக்கு வரும். ‘ரூத்தம்மா இங்கிலீஷ்’ என்று அதற்கு ஒரு பெயரே உண்டு. சில ஜூனியர்கள் என் மொழிபெயர்ப்பைப் படித்துத்தான் ஆங்கிலம் பழகினார்கள். இதை நானே நாலு பேரிடம் சொல்லியிருக்கிறேன், வெட்கமில்லாமல்.

போன வாரம் இந்தப் பகுதியில் நான் எழுதிய பழைய டைப்ரைட்டர் கதையைப் படித்துவிட்டு ஒரு வாசகர், ‘உங்கள் கையில் தப்பே வராதா?’ என்று கேட்டிருந்தார். ஐயா, இந்த வாரம் உங்களுக்குத்தான்.

ஆறாவது வரி

பேச்சி காட்டிய தாள் ஒரு போலீஸ் வாக்குமூலத்தின் மொழிபெயர்ப்பு. மூன்று நான்கு வருடத்துக்கு முந்தியது. சொன்னவர், இறந்துபோன ஒரு தோப்புக்காரரின் மனைவி.

விஷயம் இதுதான். சடையன் என்கிற பளியர், மலையடிவாரத்தில் ஒரு மாந்தோப்புக்குக் காவல். பளியர்கள் மலைக்குப் போகிற தடத்தைத் தோப்புக்காரர் கம்பி வேலி போட்டு அடைத்துவிட்டார். அன்று சாயங்காலம் சடையன் தோப்புக்காரர் வீட்டு வாசலுக்குப் போய்ச் சத்தம் போட்டிருக்கிறார். மறுநாள் காலையில் தோப்புக்காரர் தோட்டத்துக் கிணற்றில் பிணமாகக் கிடந்தார். சடையனைப் பிடித்துக் கொலை வழக்குப் போட்டார்கள். வழக்கு விசாரணையே தொடங்காமல் அவர் ஜெயிலில் கிடந்தார். ஜாமீன் கேட்டு இரண்டு தடவை மனு மேல்கோர்ட்டுக்குப் போனது. இரண்டு தடவையும் இல்லை என்றுவிட்டார்கள். இலவசச் சட்ட உதவியில் இப்போதுதான் வழக்கு பேச்சி கைக்கு வந்திருந்தது.

நான் வாசித்தேன். ‘ஹி ஸ்டுட் அட் தி டோர் அண்ட் செட், ஐ வில் கம் பேக். ஐ செட், வெரி வெல்.’ வாசலில் நின்று ‘திரும்பி வந்தே தீருவேன்’ என்றான். நான் ‘நல்லது, பார்ப்போம்’ என்றேன். கிட்டத்தட்ட அந்தத் தொனி. வாசிக்கும்போதும் எனக்கு அதில் ஒரு சின்னச் சந்தோஷம் இருந்தது. வாக்கியம் கச்சிதமாக விழுந்திருந்தது.

“நல்லாத்தான இருக்கு?” என்றேன்.

பேச்சி கோட்டுப் பையிலிருந்து இன்னொரு தாளை எடுத்தாள். தமிழ் மூலம். “இதையும் வாசிங்கக்கா.”

‘வாசல்ல நின்னு வாரேந் தாயின்னாரு. நான் சரின்னேன்.’

டிபன் பாக்ஸை மூடி வைத்தேன்.

எங்கள் ஊரில் யாரும் கிளம்பும்போது போறேன் என்று சொல்ல மாட்டார்கள். வாரேன் என்றுதான் சொல்வார்கள். பால்காரர் சொல்வார், கல்யாணத்துக்கு வந்தவர் சொல்வார், கோபித்துக்கொண்டு போகிற சம்பந்தியும் சொல்வார். அன்றைக்குக் காலையில் வீட்டைப் பூட்டும்போது பக்கத்து வீட்டுக்காரியிடம் நானே சொல்லிவிட்டுத்தான் வந்திருந்தேன். அந்த மனுஷன் சண்டை போட்டு முடித்துவிட்டு, அந்தம்மாவிடம் மரியாதையாக விடைபெற்றுக்கொண்டு போயிருக்கிறார். அந்தம்மாவும் சரி என்று வழியனுப்பியிருக்கிறது.

“கொல்ல வாரேன்னு சொல்றவன்கிட்ட யாராச்சும் சரின்னு சொல்வாகளாக்கா?” என்றாள் பேச்சி. மெதுவாகத்தான் கேட்டாள். “தாயின்னு சொன்னாரே, அது எங்க போச்சு?”

அது எங்கே போனது என்று எனக்குத் தெரியும். ஆங்கிலத்தில் ‘மதர்’ என்று போட்டால் அசட்டுத்தனமாக இருக்கும் என்று நான்தான் விட்டுவிட்டேன். ஷல்லா வில்லா என்று யோசித்ததுகூட நினைவுக்கு வந்தது. சண்டை நடந்திருக்கிறதே, ‘வில்’தான் பொருத்தம் என்று டீச்சரை நினைத்துக்கொண்டு தட்டினேன். ஒரு மனுஷனுடைய விடைபெறுதலைச் சபதமாக்கினேன். அதன் கீழே ‘உண்மையான மொழிபெயர்ப்பு’ என்று வால் போட்டுக் கையெழுத்தும் இட்டேன்.

ஜாமீன் மறுத்த உத்தரவைப் பேச்சி கடைசியாகக் காட்டினாள். நீதிபதி வடக்கிலிருந்து மாற்றலாகி வந்தவர். அவருக்குத் தமிழ் தெரியாது. ‘திரும்பி வருவேன் என்று உறுதி கூறிச் சென்றவர், வந்திருக்கிறார் என்றே தோன்றுகிறது’ என்று எழுதியிருந்தார். இரண்டாவது உத்தரவு முதல் உத்தரவை அப்படியே எடுத்துப் போட்டிருந்தது.

“மூணு வருஷமாச்சுக்கா. போன வருஷம் அவரு சம்சாரம் செத்துப்போச்சு. எட்டாம் நாள்தான் அவருக்குத் தகவலே போச்சு.”

இரண்டு நாள்

இந்த இடத்தில் நான் உடனே எழுந்து, ‘வா பேச்சி, கோர்ட்டுக்குப் போவோம்’ என்று கிளம்பியதாக எழுத ஆசைதான். நடந்தது அது இல்லை.

“வார்த்தைக்கு வார்த்தை பாத்தா அது சரிதான்” என்றேன். என் வாயிலிருந்து அப்படி ஒரு பேச்சு வந்தது எனக்கே அதிர்ச்சி. பேச்சி என் முகத்தையே பார்த்தாள். “வாரேன்னா கம்தான? அதத்தான போட்டிருக்கேன்?”

“சரிக்கா” என்று எழுந்துகொண்டாள். கதவருகே நின்று, “தப்பா மொழிபெயர்த்துட்டேன்னு நீங்க ஒரு பிரமாணப் பத்திரம் குடுத்தீங்கன்னா, நான் அவர வெளிய கொண்டாந்துருவேன். இல்லாட்டியும் வாதாடுவேன். வாரேன்” என்றாள்.

அந்த ‘வாரேன்’ என் காதில் எப்படி விழுந்திருக்கும் என்று நீங்களே நினைத்துப் பாருங்கள்.

டைப்பிங் சென்டர் வைத்திருந்த முத்தண்ணன் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். “அக்கா, போட்ட கையெழுத்தத் தப்புன்னு நீங்களே சொன்னீகன்னா நாளைக்கு ஒரு வக்கீல் உங்களுக்குத் தாள் தருவாரா? அம்புட்டுப் பேரும் இதுவரைக்கும் நீங்க தட்டுனத எல்லாம் நோண்ட ஆரம்பிச்சிருவாக” என்றார். அவர் சொன்னதில் ஒன்றும் பொய் இல்லை. எனக்குத் தெரிந்த ஒரே தொழில் அது. என் பெயர்தான் என் கடை.

இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. எந்த வேலையில் கை வைத்தாலும் எட்டாம் நாள், எட்டாம் நாள் என்றே மண்டைக்குள் ஓடியது. மூன்றாம் நாள் காலையில் பேச்சிக்குப் போன் போட்டு, “பத்திரத்த நானே டைப் பண்றேன். இங்கிலீஷ் தப்பில்லாம இருக்கும்” என்றேன். அந்தப் பக்கம் ஒரு சின்னச் சிரிப்புச் சத்தம் கேட்டது.

அலங்காநல்லூர்க்காரர் வாய்

புது ஜாமீன் மனு விசாரணைக்கு வந்த அன்று நீதிபதி என்னை எழுப்பி நிறுத்தினார். அதே வடக்கத்தி நீதிபதி. “அன்று உண்மை என்று கையெழுத்துப் போட்டீர்கள். இன்று உண்மையில்லை என்று போட்டிருக்கிறீர்கள். நான் எந்தக் கையெழுத்தை நம்புவது?” என்றார் ஆங்கிலத்தில்.

முட்டியில் ஸ்கேல் விழுந்த மாதிரி இருந்தது. “இரண்டாவதை” என்றேன். “முதலாவது போடும்போது நான் ஆங்கிலத்தை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தேன்.”

அரசு வக்கீல் எழுந்தார். அலங்காநல்லூர்க்காரர், கனத்த உடம்பு, நல்ல மனிதர். அவர் வேலையை அவர் செய்தார். சாதாரண நேரத்தில் அந்தச் சொல் விடைபெறுதல்தான், ஆனால் சண்டைக்குப் பிறகு சொன்னால் மிரட்டல்தான் என்று வெளுத்து வாங்கினார். வாரேன்டா என்று சொல்லிவிட்டுப் போனவன் அரிவாளோடு வந்த கதை இரண்டை எடுத்துவிட்டார். நீதிபதி தலையாட்டிக்கொண்டே குறிப்பெடுத்தார்.

பேச்சி ஒரே ஒரு வரிதான் சொன்னாள். “‘டா’ என்று அவர் சொல்லவில்லை. ‘தாயி’ என்று சொல்லியிருக்கிறார்.”

அந்த நேரம் பார்த்து வேறொரு கோர்ட்டில் கூப்பிடுகிறார்கள் என்று அரசு வக்கீலுக்கு ஆள் வந்தது. நீதிபதியிடம் அனுமதி கேட்டுக் குனிந்து வணங்கினார். கட்டுகளை அள்ளிக்கொண்டு திரும்பும்போது தன் ஜூனியர் தோளைத் தட்டி, நல்ல சத்தமாக, “வாரேன் மாப்ள, பாத்துக்க” என்றார்.

பின் வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். பேச்சி எழுந்துவிட்டாள்.

“மை லார்ட், என் கற்றறிந்த நண்பர் இப்போதுதான் அந்தச் சொல்லைச் சொன்னார். அவருடைய ஜூனியருக்குப் பாதுகாப்பு வேண்டும்.”

நீதிபதிக்குப் புரியவில்லை. கீழே உட்கார்ந்திருந்த வயதான பெஞ்சு கிளார்க்கிடம், “என்ன சொன்னார்?” என்றார்.

“வாரேன் என்றார், மை லார்ட். ஐ ஆம் கமிங்.”

“வருகிறாரா?”

“இல்லை மை லார்ட். போகிறார்.”

கோர்ட்டே சிரித்தது. அரசு வக்கீல் கதவருகே நாக்கைக் கடித்துக்கொண்டு நின்றார். நீதிபதி மட்டும் சிரிக்கவில்லை. பழைய உத்தரவை எடுத்து, தான் எழுதிய அந்த வரியை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது. என் தப்பைத்தானே அவர் வாசித்துக்கொண்டிருந்தார்.

ஜாமீன் கிடைத்தது. கிணற்றுக்குக் கைப்பிடிச் சுவர் கிடையாது, வழுக்கித்தான் விழுந்திருக்கிறார் என்று பிறகு விசாரணையில் வெளியாகி, சடையன் விடுதலையும் ஆனார். முத்தண்ணன் சொன்ன மாதிரியே பாதி வக்கீல்கள் எனக்குத் தாள் கொடுப்பதை நிறுத்தினார்கள். மீதிப் பேர் இதற்காகவே என்னைத் தேடி வந்தார்கள். அதற்குப் பிறகு மூலத்தைச் சத்தமாக வாசித்துப் பார்க்காமல் நான் ஒரு வரிகூடத் தட்டியதில்லை.

ஆனால் சடையனை நான் போய்ப் பார்க்கவில்லை. பேச்சி இரண்டு மூன்று முறை கூப்பிட்டாள். ஏதோ சாக்குச் சொன்னேன். பயம், அவ்வளவுதான்.

ஒன்றிய அலுவலகத்து வாசல்

சமீபத்தில் பேச்சி ஒன்றியத் தலைவரானாள். கவுன்சிலருக்குச் சுயேச்சையாக நின்றாள், சின்னம் பூட்டு. “எங்க ஆளுகளுக்கு வீடே கிடையாது, பூட்டு குடுத்திருக்காகக்கா” என்று போனில் சிரித்தாள். மலையடிவாரத்து ஊர்களில் அவள் நடந்த நடைக்குக் கணக்கே இல்லை. அவளை மரம் ஏறச் சொன்ன அதே அலுவலகத்துக்குப் பக்கத்துக் கட்டடத்தில் இப்போது அவள் பெயர்ப் பலகை.

பதவியேற்புக்கு நான் போனேன். பேச்சியின் பேச்சு இரண்டு நிமிடம்கூட இல்லை. மேஜையில் இருந்த மைப்பெட்டியைக் கையில் எடுத்துக் காட்டினாள்.

“இது இனிமே என் மேஜையிலதான் இருக்கும். யாரு கைநாட்டு வைக்கணும்னாலும் எங்கிட்ட வரணும். அந்தத் தாள்ல என்ன எழுதியிருக்குன்னு நான் வாசிச்சுக் காட்டுவேன். அப்புறந்தான் மை.”

கூட்டத்தில் சிலர் கை தட்டினார்கள். சிலர் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்கள்.

கேசரியும் காப்பியும் கொடுத்துக்கொண்டிருந்தபோது புங்க மரத்தடியில் ஒரு சின்ன உருவம் நின்றது. நரைத்த தலை, தோளில் புதுத் துண்டு. சடையன்தான் என்று கேட்காமலே தெரிந்துவிட்டது. ஆனாலும் போனேன்.

“ஐயா, நான்தான் ரூத். அந்தத் தாள...”

“தெரியுந் தாயி. வக்கீலம்மா சொல்லிச்சு. காப்பி குடிச்சீகளா?”

என்னை அழவிடாமல் அவர்தான் பேசினார். “விடுங்க தாயி. எம்புட்டு எழுதுறீக, ஒண்ணு ரெண்டு தப்பத்தான் செய்யும்” என்றார். வருத்தத்தை முகத்தில் தேடினேன். ஒன்றும் தெரியவில்லை. ஒரு பாட்டில் தேனை என் கையில் கொடுத்துவிட்டுத் துண்டை உதறிப் போட்டுக்கொண்டார்.

“போறேந் தாயி” என்றார். எங்கள் பக்கம் எழவு வீட்டில்கூட ஒன்றும் சொல்லாமல் கிளம்புவார்களே தவிர, போறேன் என்று சொல்ல மாட்டார்கள்.

“ஐயா, அப்படிச் சொல்லாதீக. வாரேன்னு சொல்லுங்க” என்றேன் பதறிப்போய்.

அவர் வாசல் பக்கம் பார்த்தார். விழாவுக்குக் காவல் வந்த போலீஸ்காரர் ஒருவர் அங்கே நின்று காப்பியை ஆற்றிக்கொண்டிருந்தார். சடையன் குரலைத் தணித்துக்கொண்டார்.

“வேணாந் தாயி. அன்னைக்கு அதச் சொல்லித்தான...” என்றவர் முடிக்காமல் நடந்துவிட்டார்.

பேச்சி என்னைப் பஸ் ஏற்றிவிட வந்தாள். நான் கேட்பதற்கு முன்பே அவளே சொன்னாள். “வெளிய வந்த நாள்ல இருந்து அப்படித்தாங்க்கா. அவரு குடியிருப்புல எல்லாருமே அப்படித்தான். பள்ளிக்கூடம் போற பிள்ளைகளுங்கூட வாசல்ல நின்னு போறேன்னுதான் சொல்லுதுக. அந்த வார்த்தையச் சொன்னா பிடிச்சிட்டுப் போயிருவாகன்னு சொல்லிக் குடுத்திருக்காக.”

நான் தட்டிய ஒரு வரி, நான் பார்க்காத வீட்டு வாசலில், நான் பார்க்காத பிள்ளைகள் வாயில் போய் உட்கார்ந்திருக்கிறது. எந்தப் பிரமாணப் பத்திரம் கொடுத்து அதைத் திரும்ப வாங்குவது?

பஸ் வந்தது. சாலையின் ஓரத்தில் சடையன் மலையைப் பார்த்து நடந்துகொண்டிருந்தார். போலீஸ்காரர் எனக்கு இரண்டடி தள்ளித்தான் நின்றார். நான் படியில் ஏறி நின்று, சடையனுக்குக் கேட்கிற மாதிரி அடிவயிற்றிலிருந்து கத்தினேன்.

“வாரேன் பேச்சி! வாரேன்!”

போலீஸ்காரர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. சடையன் நின்றார். சற்று நேரம் அப்படியே, திரும்பாமல் நின்றார். பிறகு துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு நடந்தார்.